புக்கரெஸ்ட் காப்பகக் குழந்தைகள்

அறிவு பிறப்போடு வருவது என்று யாரேனும் அடித்துச் சொல்லும்போது, ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வே எனக்கு நினைவுக்கு வருகிறது. காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்த உளவியலாளர் சார்லஸ் நெல்சன் குழுவினர், நான்கரை வயதில் குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) காப்பகத்திலேயே தங்கியவர்களைவிட உயர்ந்திருந்ததையும், இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களே மிகுதியாகத் தேறியதையும் 2007இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். காப்பகத்தில் உணவும் உடையும் கிடைத்தன. மழலைக்கு மறுமொழி பேச ஆள்தான் போதவில்லை. மீதிப் பாதிப் பேரை அங்கேயே விட்டது முறையா என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. ஆயினும், அரசு குடும்பம் தேடித் தந்தபோது அவர்கள் வெளியேறுவதை ஆய்வாளர்கள் தடுக்கவில்லை.