சாக்குக்கு ஒரு கிலோ

கோத்தகிரிப் பக்கம் ஒரு இலை ஷெட்டில் ஒன்பது வருஷமாக எடைச் சீட்டு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை நிறுத்து, சாக்குக்கு ஒரு கிலோ தள்ளி, ஈரத்துக்குக் கழிவு போட்டு, மிச்சத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். சாயங்காலம் லாரி வந்து பேக்டரிக்கு ஏற்றிப் போகும்.

கழிவு போடுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் பறித்த இலைச் சாக்கைத் தூக்கினால் தூக்குகிறவர் முதுகெல்லாம் நனையும். அந்தத் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது? அதை வாட்டி எடுக்க விறகு, கரண்ட் எல்லாம் செலவு. நல்ல இலையே நாலு கிலோவுக்கு மேல் போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். வேண்டுமென்றே சாக்கை நனைத்துக் கொண்டுவந்தவர்களுக்கு நானே கூடுதலாகக் கழித்திருக்கிறேன்.

போன தை மாதம் மேனேஜர் போன் செய்தார். "இனிமே மழையோ வெயிலோ, எல்லாருக்கும் நூத்துக்குப் பத்து போட்டுடும்மா."

"காய்ஞ்ச இலை சார், கையில எடுத்தா சரசரங்குது."

"தூள் விலை கிடக்கிற கிடைக்கு வேற வழியில்ல."

அன்றைக்கு எழுதிவிட்டேன். பனி விலகின பிறகு, பத்து மணிக்கு மேல் பறித்த இலை. பாட்டி ஒருத்தருக்குச் சாக்கு போக 30 கிலோ. 27 என்று எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, "வரேன் கண்ணு" என்று போனார். என் அம்மாவும் இலை பறித்தவர்தான், சீட்டை அப்படியேதான் மடிப்பார். ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். "கழிக்கச் சொன்னா கழிக்கிறேன் சார். ஆனா மொத்த எடை, சாக்கு, கழிவு மூணையும் தனித்தனியா எழுதி, வாசிச்சும் காட்டுவேன்." வேலை வேணுமா வேண்டாமா என்று கேட்டார். பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. கழிக்கவே மாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

வாசிக்க ஆரம்பித்ததும் ஆட்கள் கேள்வி கேட்டார்கள். சிலர் வேறு ஏஜென்ட்டிடம் இலையைக் கொண்டுபோனார்கள். மூன்றாவது வாரம், வெயில் நாளில் கழிவு வேண்டாம் என்று மேனேஜரே சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பாட்டிக்கு வாசித்தேன். "மொத்தம் 28, சாக்குக்கு 1, கழிவு இல்ல."

"சாக்கு ஒரு கிலோவா கண்ணு?"

காலிச் சாக்கை உதறித் தராசில் போட்டேன். அரைக் கிலோகூட இல்லை. ஒன்பது வருஷமாக ஒரு கிலோ என்று எழுதியது என் கைதான்.