பாணை விட்ட பிறகும் அடங்காத வயிறு

காலையில் பாணும் சம்பலும், பின்னேரம் ரொட்டியும் தின்று வளர்ந்தவள் நான். முப்பத்தெட்டு வயதில்தான் வயிறு பொருமத் தொடங்கியது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வயிறு பறை போல இறுகிவிடும். சில நாள் வயிற்றோட்டம், சில நாள் ஒன்றும் போகாது. மட்டக்களப்பு கல்லடியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகும் அந்தக் கொஞ்ச நேரம்கூடப் பயமாக இருந்தது. ஒரு வருடம் வாய்வுக் குளிசையிலேயே போனது.

தெரிந்த ஒரு அக்கா "கோதுமையை விட்டுப் பார்" என்றார். விட்டேன், சுகமாக இருந்தது. அதுதான் நான் செய்த பெரிய பிழை. பிறகு பார்த்த டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "பரிசோதனை செய்யாமல் ஏன் நிறுத்தினீங்க?" கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளுட்டன் என்ற புரதத்தைத் தின்றால் உடம்பே தன் சிறுகுடலைக் கெடுக்கும் நோய் சீலியாக். அது இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை, குளுட்டன் தின்னும்போது அந்த நோயாளியின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. கோதுமையை விட்டுவிட்டால் அந்த எதிர்ப்பொருள் குறைந்துபோகும், நோய் இருந்தாலும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். அதனால் ஆறு கிழமை நாளாந்தம் மறுபடி பாண் தின்றேன். அழுதுகொண்டு தின்ற நாளும் உண்டு. தயவு செய்து யாரும் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். முதலில் பரிசோதனை, அப்புறம்தான் நிறுத்துவது.

சீலியாக் இல்லை, கோதுமை அலர்ஜியும் இல்லை என்று வந்தது. குளுட்டன் ஒத்துக்கொள்ளாத வயிறு, அவ்வளவுதான். சரி, பாணை விட்டால் போதும் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஊரில் கோதுமை மா ஒளிந்திருக்கும் இடங்கள் அதிகம். கடைப் பிட்டிலும் இடியப்பத்திலும் அரிசிமாவோடு அதைக் கலப்பார்கள். தோசை மாவிலும் சேர்ப்பார்கள். குரக்கன் ரொட்டி என்று வாங்கினால் பாதி கோதுமை. கூட்டுப் பெருங்காயத்திலும் சோயா சோஸிலும்கூட இருக்கலாம். மோல்ட் பானம் என்றால் அது பார்லி, அதிலும் குளுட்டன்தான். மாமி வீட்டிலேயே அரிசி இடித்து வறுத்து, "இந்தா மனே, தனி அரிசிமா, பயப்படாமல் தின்னு" என்று பிட்டு அவித்துத் தந்தார்.

வலி போனது, பொருமல் முழுதாகப் போகவில்லை. அப்போதுதான் டொக்டர் புரோபயோட்டிக் சொன்னார். குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள பக்டீரியாக்கள். எல்லோருக்கும் கேட்கும் என்று உறுதி இல்லை, நாலு கிழமை எடுத்துப் பாருங்கள், சாப்பிட்டதையும் வயிற்றின் நிலையையும் கொப்பியில் எழுதுங்கள் என்றார். பார்மசியில் லேபலை நின்று வாசித்தேன். பக்டீரியாவின் முழுப்பெயர் இருக்கிறதா, உயிருள்ள பக்டீரியாவின் எண்ணிக்கை காலாவதித் திகதி வரைக்குமானதா, குளுட்டன் இல்லை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். கடைசிக் கேள்வி முக்கியம், சில புரோபயோட்டிக்குகளிலேயே குளுட்டன் கலந்திருக்கும்.

முதல் ஐந்து நாளும் வாயு கூடியது. விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். இரண்டாம் கிழமை பின்னேர இறுக்கம் தளர்ந்தது. நாலாம் கிழமைக் கொப்பியில் "பொருமல்" என்ற சொல் இரண்டு தரம்தான் இருந்தது. இடையில் பல்லுக்கு அன்டிபயோட்டிக் எடுக்க வேண்டி வந்தது. அதற்கும் புரோபயோட்டிக் கெப்சியூலுக்கும் இடையில் சில மணித்தியாலம் விடச் சொன்னார்கள்.

கெப்சியூல் விலைக்குக் கட்டுபடியாகாது. நாலு கிழமைக்குப் பிறகு தயிருக்கு மாறினேன். மண்முனைப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிர், மண்சட்டியில் கட்டி விழ உறைந்தது. தயிரில் உள்ள பக்டீரியாவும் கெப்சியூலில் எழுதியிருப்பதும் ஒன்றல்ல, ஆனாலும் என் வயிற்றுக்கு அது ஒத்துப்போனது. பாலில் உள்ள சீனியில் ஒரு பகுதியை உறையும்போதே பக்டீரியா புளிப்பாக்கிவிடுவதால், பால் குடித்தால் வரும் தொல்லை தயிரில் குறைவு. கொழுப்பு அதிகம் என்பதால் நாலு கரண்டிக்கு மேல் எடுப்பதில்லை. கொதிக்கவைத்தால் பக்டீரியா செத்துவிடும், ஆகவே மோர்க்குழம்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சில காலை பழஞ்சோற்றில் தயிரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுகிறேன்.

ஒரு கலியாண வீட்டில், கெப்சியூல் போட்டிருக்கிறேனே என்ற தைரியத்தில் ஒரு பராட்டா தின்றேன். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. புரோபயோட்டிக் குளுட்டனைத் தடுக்கும் கவசம் இல்லை. கோதுமையை விட்ட பிறகு மிஞ்சும் தொல்லையைத்தான் அது எனக்குக் குறைத்தது. சீலியாக் உள்ளவர்கள் இதை நம்பி ஒரு துண்டு பாண்கூடத் தொடக்கூடாது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே சிறுகுடல் கெட்டுக்கொண்டிருக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் கெப்சியூல் எடுக்கவே வேண்டாம்.

கொப்பி இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது. மாமி என் அரிசிமாவுக்கென்று தனியாக ஒரு அரிதட்டு வாங்கி, சிவப்பு நூல் கட்டி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். அதில் கோதுமை மா அரிக்கக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.