அடித்துவிட்ட வரிகள்

வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் வட்ட மண்டபத்தில் வெளிச்சம் மிகக் குறைவு. கண் பழகச் சிறிது நேரம் பிடித்தது. படம் எடுக்க அனுமதி இல்லை. கண்ணாடிக்கு அடியில் இருந்த, 1776இன் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் முன் குனிந்து நின்றேன், எழுத்தே தெரியவில்லை. தோலில் எழுதிய அந்த ஆவணம் 1841 முதல் 1876 வரை, 35 ஆண்டுகள், காப்புரிமை அலுவலகத்தில் ஜன்னலுக்கு எதிரே வெயில் படும்படி மாட்டியிருந்ததாம். கையெழுத்திட்ட 56 பேரில் ஜான் ஹான்காக்கின் பெரிய கையெழுத்தே நிழல்போலத்தான் இருக்கிறது. கீழே இடது மூலையில் மட்டும் ஒரு உள்ளங்கைத் தடம் பதிந்திருக்கிறது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றது அதைத்தான்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, அந்தப் பிரகடனத்தை எழுதிய, பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் தன் கையால் எழுதிய வரைவை போனில் திறந்தேன். நான்கு பக்கம். மூலம் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. தெளிவான படங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். மண்டபத்தில் இருக்கும் சுத்தப் பிரதியைவிட இதில்தான் எனக்கு வரலாறு புரிந்தது. ஏனென்றால் இதில் அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கிறது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பது போன்ற உண்மைகள் ‘புனிதமானவை, மறுக்க முடியாதவை’ என்று முதலில் எழுதி, அதை அடித்துவிட்டு ‘தாமே விளங்குபவை’ என்று மாற்றியிருக்கிறார்கள். இன்னும் கீழே போனால் அடிமை வணிகத்தை எதிர்த்து ஒரு முழுப் பத்தி. ‘மனிதர்களை வாங்கவும் விற்கவுமான சந்தை’ என்று வருகிற இடத்தில் ‘மனிதர்கள்’ என்ற சொல்லை மட்டும் பெரிய எழுத்துகளில் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியைக் காங்கிரஸ், அதாவது பிரகடனத்தை ஏற்ற குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபை, மொத்தமாக நீக்கிவிட்டது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் விரும்பவில்லை என்று ஜெஃபர்சனே குறித்து வைத்திருக்கிறார். வடக்கத்தியருக்கும் அதில் கூச்சம் இருந்தது, அவர்களும் அந்த வணிகத்தில் கப்பல் விட்டவர்கள் என்றும் எழுதுகிறார்.

மறுநாள் அக்கா மகன் காரை எடுத்தான். ஜெஃபர்சனின் வீடு இருக்கும் சார்லட்ஸ்வில்லுக்கு இரண்டரை மணி நேரம். வழியில் கேட்பதற்கு ஒரு பழைய ஒலிப்பதிவை எடுத்து வைத்திருந்தேன். 1949 ஜூனில் பால்டிமோரில் பதிவானது. கரகரத்த கிழக்குரல்: “என் பேர் ஃபவுன்டன் ஹியூஸ். வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில்லில் பிறந்தேன். என் தாத்தா தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக இருந்தார்.” தனக்கு 101 வயது என்கிறார். குதிரை, மாடு, பன்றியை விற்பதுபோல் தங்களை விற்றதையும், எஜமானின் சீட்டு இல்லாமல் தெருவைக்கூடத் தாண்ட முடியாததையும் சொல்கிறார். மறுபடியும் அடிமையாக வேண்டிவரும் என்று தோன்றினாலே துப்பாக்கியை எடுத்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்வேன் என்று அவர் சொன்ன இடத்தில் பையன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

“சித்தி, ஸ்கூல்ல அந்தப் பிரகடனத்தை மனப்பாடம் பண்ணியிருக்கேன். இவர் குரலை ஒரு தடவைகூடப் போட்டுக் காட்டினதில்லை.”

ஜெஃபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோ ஒரு குன்றின் மேல் இருக்கிறது. வீடு அழகுதான்; ஆனால் நான் போனது அதற்குக் கீழே இருக்கும் மல்பெரி ரோ என்ற பாதைக்காக. ஆணி செய்யும் பட்டறையும் அடிமைகளின் குடிசைகளும் வரிசையாக இருந்த இடம். வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் ஜெஃபர்சன். அவர் கைப்பட எழுதிய பண்ணைக் கணக்குப் புத்தகம் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது. அதன் பக்கங்களையும் போனிலேயே பார்த்தோம். பெயர், பிறந்த ஆண்டு, யாருக்கு எத்தனை கஜம் துணி, யாருக்குப் போர்வை, எத்தனை மீன் என்று பொடி எழுத்தில் ஒழுங்காகக் கட்டம் கட்டமாகப் போகிறது. பிரகடனத்தை வரைந்த அதே கை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதரைப் பற்றிப் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

1826 ஜூலை 4 அன்று அவர் இறந்தார். குழி வெட்டியவர் வர்ம்லி ஹியூஸ் என்ற அடிமைத் தோட்டக்காரர். அடுத்த ஜனவரியில் கடனை அடைக்க ஏலம் விட்டார்கள். அந்தப் பத்திரிகை விளம்பரத்தில் சொத்துப் பட்டியல் இப்படிப் போகிறது: மதிப்புமிக்க 130 நீக்ரோக்கள், கால்நடை, விளைச்சல், வீட்டுச் சாமான், சமையலறைச் சாமான். வர்ம்லியின் மனைவியையும் பிள்ளைகளையும் அந்த ஏலத்தில்தான் விற்றார்கள்.

ஜெஃபர்சனின் கல்லறைத் தூணில், தன்னைப் பற்றி எதை எழுத வேண்டும் என்று அவரே சொல்லிவைத்த மூன்று சாதனைகள் பொறித்திருக்கின்றன. முதலாவது, அந்தப் பிரகடனம். அடிமைகளைப் புதைத்த இடம் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது. 40க்கும் மேற்பட்ட குழிகள். திரும்பும்போது அங்கே நின்றோம். இலைச் சருகுக்குள் சில கற்கள் நட்டாற்போல் நின்றன. பையன் ஒன்றின் முன் குந்தி உட்கார்ந்து சருகைக் கையால் ஒதுக்கிப் பார்த்தான். எழுத்து எதுவும் இல்லை.