சந்நிதியானின் சொல்

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் மருதர் கதிர்காமர். கரையிலிருந்து ஒரு சிறுவன் அவரைக் கூப்பிட்டான். அவன் முருகன். “இங்கே எனக்குப் பூசை செய்” என்றபோது, “பூசை முறை எதுவும் அறியேனே” என்று கதிர்காமர் கைகூப்பினார். முருகனே அவரைக் கதிர்காமத்துக்கு அழைத்துச் சென்று, அங்கு நடக்கும் பூசையைக் காட்டிக் கொடுத்தான் என்பது அங்குள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் வரலாறு. தெரியாது என்று அவர் ஒளிக்கவில்லை. தெரியாது என்பதையே சாட்டாக வைத்து மறுக்கவும் இல்லை. கீழ்ப்படிதல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

அவருடைய வழிவந்த கப்பூகர்கள் எனப்படும் பூசகர்களே இன்றும் அங்கே பூசை செய்கிறார்கள். வேதமந்திரம் கிடையாது. வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மௌனமாகச் செய்யும் பூசை. போன வெள்ளிக்கிழமை அம்மாவோடு மதியப் பூசைக்கு நின்றேன். துணி மூக்குக்குக் கீழே இறுகியிருந்தது. கப்பூகரின் கண்கள் மட்டுமே தெரிந்தன. ஆலமிலைகளில் அமுது படைக்கப்பட்டது. மணி ஒலித்ததும் “முருகா” என்று கூட்டம் முழுவதும் குரல் எழுப்பியது. நாங்கள் அவ்வளவு சத்தமிட, அவர் மட்டும் சொல்லற்று, சொன்னதைச் செய்துகொண்டிருந்தார்.

நாம் வீட்டில் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அப்பா ஒன்று சொல்லத் தொடங்குமுன்பே பதில் நாக்கில் வந்து நிற்கிறது. காது கொடுக்காமல் கீழ்ப்படிய முடியாது. அதற்காக யார் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அநியாயம் செய்யச் சொன்னால் மறுக்கத்தான் வேண்டும்; பயத்தில் பணிவது அடிமைத்தனம். நம்மீது அன்பு வைத்தவரின் சொல்லுக்கு நம் விருப்பத்தை ஒதுக்கி இடம் விடுவதைத்தான் சொல்கிறேன். முருகன் கதிர்காமரை மிரட்டவில்லையே, கூடவே கூட்டிக்கொண்டு போனான்.

பிறகு மடத்தில் அன்னதானம். அன்னதானக் கந்தன் என்றல்லவா அவனுக்குப் பெயர்! சாம்பார் வாளியுடன் ஒரு பையன் எங்கள் பந்திக்கு ஓடிவந்தான். “தம்பி, அந்தக் கரையில் ஆச்சிமார் இருக்கினம், முதலில் அங்கே” என்றார் ஒரு பெரியவர். பையன் ஒரு சொல் பேசாமல் திரும்பினான். எங்கள் சோறு சற்றுக் காத்திருந்தது. அதில் யாருக்கும் குறையில்லை.

கதிர்காமத்துக்கான பாதயாத்திரை இந்தச் சந்நிதியிலிருந்துதான் புறப்படுகிறது. சாப்பிட்டுக் கை கழுவும்போது, “இந்த முறை வழியிலுள்ள வற்றாப்பளை அம்மன் கோயில் வரையாவது நடக்க வேண்டும், நீயும் வா” என்றார் அம்மா. அவருடைய முழங்கால் வலியைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. வேலையிடத்தில் எப்போது விடுப்புச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.