செகந்திராபாத்தில் ஒரு மறுவாசிப்பு

மார்ச் 4

மகள் வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. புடவைகளுக்கு நடுவே இரண்டு நாவல்களைச் செருகிக்கொண்டு வந்தேன்: தி. ஜானகிராமனின் மோகமுள், அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடு. இரண்டையும் கல்லூரி நாளில் ஹாஸ்டலில் படித்தேன், அதோடு சரி. "இதுக்குப் பதிலா இன்னும் கொஞ்சம் மோர்மிளகாய் எடுத்துட்டு வந்திருக்கலாமேம்மா" என்றாள் மகள்.

மார்ச் 6

மோகமுள் பாதி ஆயிற்று. யமுனா, கதாநாயகன் பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். இருபது வயதில் படித்தபோது அவள் எனக்கு அத்தை முறைக்காரி மாதிரி தெரிந்தாள். இப்போது பார்த்தால் சின்னப் பெண். அன்றைக்குப் பாட்டு வாத்தியார் ரங்கண்ணா வரும் பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு யமுனா எங்கே, யமுனா எங்கே என்று ஓடியிருக்கிறேன். இன்று அந்தக் கிழவர் பாபுவைப் பாடவிட்டுத் திருத்துகிற இடங்களில்தான் உட்கார்ந்து விடுகிறேன். தி. ஜானகிராமன் தாமே சங்கீதம் கற்றவர். கற்றவர் எழுதியது என்று எனக்கே தெரிகிறது, எனக்கோ ராகமும் தெரியாது தாளமும் தெரியாது.

மார்ச் 9

ரங்கண்ணாவை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு அசோகமித்திரனை எடுத்தேன். இந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. அவர் பிறந்த ஊர் இது, 1931-இல். 1952-இல்தான் சென்னைக்குப் போனார். நாவல் வந்தது 1977-இல். இடையில் இருபத்தைந்து வருஷம் இந்தத் தெருக்களை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

பேரனின் அட்லஸில் தேடிப் பார்த்தோம். செகந்திராபாத் ஏறக்குறைய 17.4 பாகையில் இருக்கிறது. "அப்போ பதினேழுன்னுதானே பாட்டி பேர் வச்சிருக்கணும்?" என்கிறான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பையன்.

மார்ச் 10

முதல் வாசிப்பில் கிரிக்கெட் வரும் இடமெல்லாம் எனக்குக் கொட்டாவி. இப்போது வராந்தாவில் பேரன் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டே இருக்க, கதை சொல்கிற பையன் சந்திரசேகரன் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவதைச் சிரித்துக்கொண்டே படித்தேன். அவனுக்கு அன்றைய பெரிய கவலையே ஆட்டத்தில் இடம் கிடைக்குமா என்பதுதான். ஊரில் ரஜாக்கர்கள், அதாவது ஹைதராபாத் மன்னர் நிஜாமுக்கு ஆதரவான ஆயுதப் படையினர், பெருகுவது அவன் கண்ணின் ஓரத்தில்தான் படுகிறது.

இன்னொன்று. சில பக்கங்களில் அவன் 'நான்' என்று பேசுகிறான், சில பக்கங்களில் அவனே 'சந்திரசேகரன்' ஆகிவிடுகிறான். அந்த வயதில் இதை நான் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்திருப்பேன்.

மார்ச் 12

முடித்துவிட்டேன். ராத்திரி பதினொன்றரை.

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து, நிஜாம் பணிந்து, ஊர் தலைகீழாகிறது. கலவரத்தில் ஓடுகிற சந்திரசேகரன் சுவரேறிக் குதித்து ஒரு வீட்டுக்குள் விழுகிறான். உள்ளே நடுங்கிக்கொண்டு ஒரு முஸ்லிம் குடும்பம். எங்களை விட்டுவிடு என்று ஒரு சிறு பெண் தன் உடையைக் களைகிறாள். அவன் ஓடிவிடுகிறான்.

இத்தனை வருஷமாக இது ஒரு பெரிய அத்தியாயம் என்றே நினைத்திருந்தேன். யாரிடம் இந்த நாவலைப் பற்றிப் பேசினாலும் "அந்தக் கடைசி அத்தியாயம்" என்றுதான் ஆரம்பிப்பேன். பார்த்தால் அந்தக் காட்சி சட்டென்று வந்து சட்டென்று முடிந்துவிடுகிறது. முன்னும் பின்னும் புரட்டினேன், ஏதாவது பக்கம் விட்டுப்போயிற்றோ என்று. எதுவும் விட்டுப்போகவில்லை. அன்றைக்கு ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகும் தூங்காமல் கிடந்தது ஞாபகம் இருக்கிறது. அந்த ராத்திரியையும் சேர்த்துத்தான் அத்தியாயக் கணக்கில் எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 13

சாயங்காலம் மாப்பிள்ளை டேங்க் பண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹுசேன் சாகரில் புத்தர் சிலை, படகு, பொரித்த சோளம், தாங்க முடியாத கூட்டம். நாவலில் படித்த ஊரைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. காற்று மட்டும் நன்றாக இருந்தது.

மார்ச் 15

"கடைசியில என்னம்மா ஆகும்?" என்றாள் மகள். கிரிக்கெட்டைச் சொன்னேன், ரயில்வே குடியிருப்பைச் சொன்னேன், அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. காலையில் பார்த்தால் மேஜைமேல் புத்தகத்தைக் காணோம். ஆபீஸ் பையில் போயிருக்கிறது.

சரி என்று மோகமுள்ளுக்குத் திரும்பினேன். அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் அங்கேயே இருக்கிறது. ரங்கண்ணா இன்னும் உயிரோடு இருக்கிறார். அவர் போகிற இடம் வர இன்னும் நிறையப் பக்கம் இருக்கும் என்று ஞாபகம். பார்க்கலாம்.