ஆறாவது வாரம்

ஆறாவது வாரத்துக்கான வரியை நான் அவருக்கு வாசிக்கவில்லை. 2025 ஜனவரி இறுதியில், இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டைத் திட்டமிட நாங்கள் உட்கார்ந்த கூட்டத்தில் நடந்தது இது. 12 வரிகள் கொண்ட அட்டவணையில் 11 வரிகளை வாசித்தேன், ஒன்றை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் நேரவில்லை. இருந்தும் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, பேருந்தில் வரும்போது, சம்பந்தமே இல்லாத நேரங்களில் அந்த அரை நிமிடம் திரும்பத் திரும்ப என் முன் வந்து நிற்கிறது.

பார்வையற்றோருக்கான செயலி என்று சொன்னதும் ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு குழு ரூபாய் நோட்டை அடையாளம் காணும் செயலியைத்தான் கொண்டுவருகிறது. இந்த ஆண்டின் நால்வரும் அதையே கொண்டுவந்தார்கள். ஆலோசனை கேட்பதற்காக நான் அழைத்திருந்தவர் பெங்களூரு அல்சூரில் வசிப்பவர், வங்கி ஊழியர், பிறவியிலேயே பார்வையற்றவர். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரி 1 அன்று மணி என்ற செயலியை இதற்காக வெளியிட்டுவிட்டது என்றும், இணைய இணைப்பு இல்லாமலே அது இயங்கும் என்றும் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்து மேசைமீது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். பழைய நூறு ரூபாய் நோட்டின் நீளம் 157 மில்லிமீட்டர், பழைய ஐந்நூறின் நீளம் 167. அந்த 10 மில்லிமீட்டரை விரல் தெரிந்துகொள்ளும். 2016 நவம்பர் முதல் வரத் தொடங்கிய புதிய வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அகலமோ மூன்றுக்கும் ஒரே 66. நான்கு நான்கு மில்லிமீட்டராக அடுக்கிய நோட்டுகளின் ஓரத்தை மாணவர்களைக் கண்ணை மூடாமலே தடவிப் பார்க்கச் சொன்னார்.

“நோட்டு அடிக்கிறவங்க சரிபண்ண வேண்டியதைப் பசங்க போன்ல சரிபண்ணணுமா மேடம்? எனக்கு மாத்திரை அட்டையைப் படிக்கத்தான் ஆள் வேண்டியிருக்கு” என்றார். அந்த நிமிடத்தில் எங்கள் தலைப்பு மாறியது.

2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்பனையாகும் 300 மருந்து பிராண்டுகளில் கியூஆர் குறியீடு அச்சிடுவது கட்டாயமாகியிருக்கிறது, அதில் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் என்பதை ஒரு மாணவன் தேடிக் கண்டுபிடித்து உற்சாகமாகச் சொன்னான். அட்டையில் இடம் போதாவிட்டால் குறியீட்டை வெளிப்பெட்டியில் அச்சிடலாம் என்ற விதிவிலக்கு அதில் உண்டு. பெட்டியைக் கடைக்காரரே வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் கத்தரித்துக் கொடுப்பார் என்று அவர் சொன்னார். தேதி அச்சிட்ட முனையிலிருந்தே நாலு மாத்திரையை வெட்டிக் கொடுத்துவிட்டால் மிச்சத்துக்கு வயதே கிடையாது என்றும் சொன்னார். எங்கள் மாணவர்கள் அதுவரை மாத்திரை அட்டையை அப்படிப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த பேச்சின் நடுவே, தேநீர் வந்த வேளையில், தம் அலுவலகத்தில் எப்போதோ நடந்த ஒரு பயிற்சியைப் பற்றி அவர் சொன்னார். அலுவலர்களின் கண்ணைத் துணியால் கட்டி வராந்தாவில் நடக்கவிட்டிருக்கிறார்கள். முடிந்ததும் ஒருவர் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். “கண்ணைக் கட்டினவங்களுக்கு இருட்டு தெரியுது மேடம். எனக்கு இருட்டுன்னு ஒண்ணு கிடையாது, பிறந்ததுல இருந்தே இதுதான். அவங்க பத்து நிமிஷம் பயந்துட்டு, அந்தப் பயம்தான் என் வாழ்க்கைன்னு நினைச்சிட்டுப் போயிடுறாங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆறிய தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் அட்டவணையின் ஆறாவது வாரத்தில், “கண்கட்டிய மாணவர்கள் பத்துப் பேரைக் கொண்டு செயலியைச் சோதித்தல்” என்று எழுதியிருந்தது. அதை எழுதச் சொன்னவள் நான்தான். உண்மையான பயனர் சோதனை பத்தாவது வாரத்தில் இருந்தது.

அட்டவணையை முந்தைய நாள் வாட்ஸாப்பில் அவருக்கு அனுப்பியிருந்தோம், படமாக. போன் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் வசதியான டாக்பேக், படத்தில் உள்ள கட்டங்களை எழுத்தைப் போல வரிசையாக வாசித்துத் தராது. பெரும்பாலும் படம் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். எழுத்தல்லாத எதற்கும் எழுத்து வடிவில் மாற்று தர வேண்டும் என்பது இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டு நெறிகளில் முதலாவதாக வருவது. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதுவதும் அதுதான். “எழுத்தா அனுப்பியிருந்தா நானே கேட்டுட்டு வந்திருப்பேன், பரவாயில்லை, நீங்க படிங்க” என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு நான் வாசிக்கத் தொடங்கினேன். அட்டவணை ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். மாணவர்களில் மூவருக்குத் தமிழ் தெரியாது. நான்காமவள் ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகிறவள்.

விட்டுவிட்டேன் என்று தொடக்கத்தில் எழுதினேன். அது முழு உண்மையன்று. ஐந்தாவது வாரத்திலிருந்து ஏழாவதுக்குத் தாவியிருந்தால் அவர் உடனே கேட்டிருப்பார். “ஐந்தாம், ஆறாம் வாரங்களில் முதல் மாதிரி தயாராகிவிடும்” என்று வாசித்தேன். அப்படி ஒரு வரி அட்டவணையில் இல்லை. வாயிலிருந்து தடங்கலே இல்லாமல் வந்த அந்த வாக்கியத்தை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேனா, அந்தக் கணத்தில் தானாக அமைந்ததா என்று எனக்கே இன்றுவரை தெளிவில்லை. ஓசூர்ப் பெண் மடிக்கணினித் திரையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் ஏழாவது வாரத்தை வாசித்தேன்.

எனக்காக வாதாடச் சில நியாயங்கள் உண்டு. சற்று முன்புதான் மனத்தில் தைத்த ஒன்றைச் சொன்ன மனிதரிடம், அதையே நாங்களும் செய்யப்போகிறோம் என்று சொல்வது அவரைப் புண்படுத்தும் என்று நினைத்தேன். வாசிக்கும்போதே அந்தச் சோதனையைக் கைவிடுவதென்று முடிவும் செய்துவிட்டேன். நடக்கப்போகாத ஒன்றை எதற்காக வாசிக்க வேண்டும்? ஒன்பதாவது வாரத்தில் தரவுத்தளம் பற்றியிருந்த மூன்று விவரங்களையும் சுருக்கித்தான் சொன்னேன், அதற்காக மனம் உறுத்தவில்லை. அல்சூரிலிருந்து ஓசூர் சாலையில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கு, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலையும் சேர்த்தால், ஒன்றரை மணி நேரமாகும். ஒவ்வொரு சோதனைக்கும் அவரை விடுப்பு எடுத்து வரச் சொல்ல முடியாது என்ற எண்ணத்தில்தான் கண்கட்டும் யோசனையே வந்தது. ஏழாவது வாரம் ரிவ்யூ. அதற்குள் ஏதாவது ஒரு சோதனை முடிவு காட்டியாக வேண்டும்.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் தரவுத்தள விவரங்களைச் சுருக்கியது அவருக்குத் தேவைப்படாது என்பதால். இந்த வரியை மறைத்தது, அவர் கேட்பது எனக்குத் தேவைப்படாததால். அந்த மேசையில் அட்டவணையைத் தானாகப் படிக்க முடியாதவர் அவர் ஒருவர்தான்; முடியாமல் ஆக்கியது படமாக அனுப்பிய நாங்கள். பள்ளிப் பாடத்திலிருந்து வேலைக்கான தேர்வு வரை பிறர் வாசிக்கக் கேட்டே படித்துவந்த மனிதர், வாசிக்கிறவர் எதைச் சொல்கிறாரோ அதுவே காகிதத்தில் உள்ளது என்று நம்ப வேண்டிய நிலையில் எத்தனையோ முறை இருந்திருப்பார். அந்த நம்பிக்கையை நான் அரை நிமிடம் கையில் வைத்திருந்தேன்.

அவரைப் புண்படுத்தக்கூடாது என்று நினைத்தேன் என்பதையும் இப்போது சந்தேகிக்கிறேன். அவர் புண்பட்டிருக்கமாட்டார். கேள்வி கேட்டிருப்பார். என் மாணவர்கள் முன்னால், என் திட்டத்தில், நான் எழுதச் சொன்ன வரியைப் பற்றிக் கேட்டிருப்பார். நான் தவிர்த்தது அதைத்தான் என்று சில நாட்களில் தோன்றுகிறது. வேறு சில நாட்களில், இது என்னை நானே அளவுக்கு மீறி வருத்திக்கொள்வது, யாருமே எப்போதாவது செய்யக்கூடிய சின்னச் சமாளிப்பு என்று தோன்றுகிறது.

கூட்டம் முடிந்து அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, திட்டத்தை எழுத்தாகத் தட்டச்சு செய்து அன்று இரவே அவருக்கு அனுப்பிவிடும்படி ஓசூர்ப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கி, “மேம், அப்படியே அனுப்பட்டுமா?” என்று கேட்டாள். அட்டவணையில் உள்ளபடியா, நான் வாசித்தபடியா என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. “ம், அனுப்பிடு” என்றேன். அந்தப் பதிலில் இரண்டுக்கும் இடமிருந்தது. அவள் எதை அனுப்பினாள் என்று அதன்பின் நான் கேட்கவில்லை. ஓர் இருபத்தொரு வயதுப் பெண்ணின் தலையில் என் முடிவை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வரியை வாசிக்காததைவிட இதற்காகத்தான் நான் அதிகம் வருந்த வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் மனம் ஏனோ அந்த வரியிடமே போய் நிற்கிறது.

கண்கட்டுச் சோதனை நடக்கவில்லை. மார்ச் நடுவில், ஆறாவது வாரத்துச் சனிக்கிழமை, நால்வரையும் அழைத்துக்கொண்டு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். செயலியை அவர் கைப்பேசியில் ஏற்றித் திறந்த முதல் நொடியிலேயே இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் பேசின. மாணவர்கள் தங்கள் செயலியைத் தானாகப் பேசும்படி செய்திருந்தார்கள். அவருடைய போனில் எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கும் டாக்பேக்கும் கூடவே பேசியது. எது எதைச் சொல்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. தங்கள் போன்களில் டாக்பேக்கை ஒருமுறைகூட இயக்கிப் பார்க்காதவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துப் பேர் சோதித்திருந்தாலும் இது தெரியவந்திருக்காது. அவர் டாக்பேக்கைக் கேட்கும் வேகத்தில் எங்களால் ஒரு சொல்லையும் பிரித்தறிய முடியவில்லை. கேமராவைக் குறியீட்டுக்கு நேராகக் கொண்டுவர “இடது பக்கம்” என்று செயலி சொன்னபோது, நகர வேண்டியது போனா, அட்டையா என்று கேட்டார். அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. டார்ச்சைப் போட்டால் அலுமினியத் தாள் பளபளத்துத் தேதி மறைந்துபோயிற்று. காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்டும் இரவு மாத்திரை அட்டைக்கு இரண்டுமாகப் போட்டு வைத்திருந்தார். எந்த மாத்திரை என்பதை அவர் விரல் சொல்லிவிடும், தேதிக்கு மட்டுமே செயலி வேண்டும் என்பது அந்த டப்பாவைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. பெயர், நிறுவனம், கலவை எல்லாம் சொன்ன பிறகு கடைசியில் தேதியைச் சொல்லும்படி அமைத்திருந்ததை மாணவர்கள் அங்கேயே உட்கார்ந்து மாற்றினார்கள். தேதி முதலில் வந்தது. டாக்பேக்கின் வழியாகவே பேசும்படி ஆக்க மேலும் ஒரு வாரம் பிடித்தது.

அன்று நான் நிம்மதியாகத் திரும்பினேன். நான் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது, ஆறாம் வாரத்தில் மாதிரிதான் தயாரானது, அதுவும் அவர் கையில். வாசித்திருந்தால் ஒரு மனக்கசப்பு வந்து, இந்த வீட்டுக்கு வரும் வாய்ப்பே இல்லாமல் போயிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். அதே நினைப்பின் மறுபக்கம் இப்போது தெரிகிறது. வாசித்திருந்தால், கண்கட்டுவதில் என்ன தவறு என்பதை அவர் வாயாலேயே மாணவர்கள் கேட்டிருப்பார்கள். தேநீர் வேளையில் அவர் சொன்னது தமிழில். மூவருக்கு அது போய்ச் சேரவே இல்லை. சோதனை ஏன் ரத்தானது என்று கேட்ட மாணவனிடம் நேரமில்லை என்று நான் சொன்னேன். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் அவன் யாருடைய கண்ணையாவது கட்டக்கூடும்.

ஏப்ரல் 30 அன்று, இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் நடைமுறையால் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு அது. செய்தியை நான் மாணவர்களுக்கு அனுப்பினேன், அவருக்கும் அனுப்பினேன், எழுத்தாக. அடுத்த வாரம் இறுதி ரிவ்யூ; அவர் விருந்தினராக வந்திருந்தார். மாணவர்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

கிளம்பும் முன் பயணப்படிக்கான வவுச்சரில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. அலுவலக அறையில் வெளிச்சம் குறைவு. போனை எடுக்கப் போனவர், “நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க” என்றார். ஓசூர்ப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கல்லூரியின் பெயரிலிருந்து தொடங்கினேன். தேதி, வவுச்சர் எண், தொகை எண்ணாலும் எழுத்தாலும், கீழே சிறிய எழுத்தில் இருந்த கணக்குத் தலைப்பு, யாரும் எப்போதும் நிரப்பாத இரண்டு வெற்றுக் கட்டங்கள், எல்லாவற்றையும் வாசித்தேன்.

“எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா மேடம்?” என்று கேட்டார்.

கையெழுத்துப் போடப்போகும் எவரும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அவர் குரலில் வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. “படிச்சிட்டேன் சார்” என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கோட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லி, அதன் விளிம்பை இடது கைவிரலால் தொட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்.