வாடகை வீடும் சிகரெட் புகையும்

திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டை முதன்முறையாக வாடகைக்குக் கொடுக்க ஆயத்தமாகும் இவ்வேளையில், வாடகைத் தொகையைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது புகைபிடித்தல்தான். இலங்கையின் புகையிலை, மதுசாரம் தொடர்பான 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதைத்தான் தடுக்கிறது. வாடகை வீட்டின் அறைக்குள் என்ன செய்யலாம் என்பதை ஒப்பந்தத்தில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

உறவினர் வீடொன்றில் உள்ளேயே புகைபிடித்துக் குடியிருந்தவர்கள் போன பின்னர் ஈரத்துணியால் சுவரைத் துடைத்தபோது, தேயிலைச் சாயம்போல மஞ்சள் நீர் வழிந்தது. மின்விசிறியின் தகடுகளிலும் அதே பிசுபிசுப்பு. சிகரெட் புகையின் நிக்கொட்டினும் தாரும் படிந்த சுவரை நன்றாகக் கழுவாமலும், கறையை அடைக்கும் அடிப்பூச்சு பூசாமலும் நேரடியாகப் பெயின்ற் அடித்தால், ஈரக்காற்றில் அந்தக் கறை மறுபடியும் மேலே கசிந்து வரும். பணமும் உழைப்பும் இரட்டிப்பாகும்.

ஆகவே அறைகளிலும் குளியலறையிலும் புகைக்கக் கூடாது, முற்றத்தில் தடையில்லை என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்போகிறேன். சாவி கொடுக்கும் நாளிலேயே சுவர், திரைச்சீலை எல்லாவற்றையும் வாடகைக்கு வருபவர்களும் நானுமாகப் படமெடுத்து வைத்துக்கொள்வோம். முற்பணம் அவர்களுடைய காசு. நகையை அடகு வைத்துக் கொண்டுவருபவர்களும் உண்டு. பற்றுச்சீட்டு உள்ள செலவை மட்டும் கழித்து, மிகுதியைத் தாமதமின்றித் திருப்பிக் கொடுப்பதே நியாயம். வழமையான பாவனையில் மங்கிய பெயின்றுக்கு ஒரு சதமும் கழிக்க மாட்டேன்.

இத்தகைய நிபந்தனையை நொத்தாரிசு மூலம் எழுதியவர்கள், வாசகத்தை எவ்வாறு அமைத்தீர்கள் என்று தயவுசெய்து கூறுங்கள்.